கான்கிரீட் போட்ட அன்றைய சத்தம்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. கான்கிரீட் போட்ட அன்று எடுத்த வீடியோவில், திரையின் இடது ஓரத்தில், முழங்கையிலிருந்து விரல் வரை. பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. கலவை மெசினுக்கு முன்னால் அப்பா தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறார். கையை வெட்டினால் அப்பாவின் தோளும் பாதி போகிறது.

அடுத்த மாதம் எட்டாம் தேதி புது வீட்டுக்குப் புகுவிழா. ஹாலுக்கு அப்பா பெரிய டிவி வாங்கியிருக்கிறார். ஒறம்பரை சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது, வீடு கட்டிய கதையை அதில் போட்டுக் காட்ட வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியதிலிருந்து பெயின்ட் அடித்தது வரை எல்லாம் நான் எடுத்ததுதான். மூன்று மெமரி கார்டு.

"அது வர்ற எடத்தயெல்லாம் எடுத்துரு அம்மிணி. பூவு, டைட்டிலு, என்னென்னமோ போடுவீல்ல, அதப் போட்டு நல்லாப் பண்ணு" என்றார் அப்பா.

அது என்றால் சிவரஞ்சனி அக்கா. அப்பா அந்தப் பெயரைச் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது.

"வேல முடிஞ்சதும் கார்டு மூணயும் எங்கண்ணு முன்னால அழிச்சிரோணும். கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் இருக்கப்படாது."

"சரிங்கப்பா" என்றேன்.

ஃபோட்டோக்கள் போன வருடமே போய்விட்டன. களத்தில் போட்டு எரித்தார். இந்தக் கார்டுகள் என் பழைய பென்சில் டப்பாவில் கிடந்ததால் மிஞ்சின.

இது பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நோட்டு. முதல் ஆறு பக்கம் பாடம். ஏழாவது பக்கத்திலிருந்து வெறும் தாள்தான். வீணாக வேண்டாம் என்று இதில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

டைட்டில் எழுத்து என்ன நிறம் என்று அப்பாவைக் கேட்டேன். மஞ்சள், சுற்றிலும் சிவப்புக் கரை என்றார். மாட்டுக்குத் தவிடு கலந்து வைத்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வீடியோ மொத்தம் அறுபத்து மூன்று துண்டு. நாற்பத்தொன்றில் அக்கா இருக்கிறாள்.

ஓரத்தில் நின்றால் படத்தைப் பெரிதாக்கி அவளை வெளியே தள்ளிவிடலாம். நடுவில் நின்றால் பூ. ரோஜா இதழ் விழுகிற எஃபெக்ட் ஒன்று இருக்கிறது. அதை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவை போட்டால் ஆள் தெரியாது. நடந்துகொண்டே இருந்தால் கஷ்டம். டைட்டிலையும் கூடவே நகர்த்த வேண்டும். கீழே உட்கார்ந்திருந்தால் கோலம் போட்ட சட்டம் ஒன்று சரியாகப் பொருந்துகிறது.

கடைக்கால் அன்றைக்கு முதல் கல்லை எடுத்துக் கொடுத்தது அக்காதான். "மூத்த புள்ள கையால குடுங்க" என்று மேஸ்திரி சொல்வது கேட்கிறது. கல்லை எடுக்க முடியாது, அது சாங்கியம். கொடுக்கிறவளைத்தான் எடுக்க வேண்டும். கல்லை மட்டும் பெரிதாக்கினேன். விரல்கள் மிஞ்சின. விரல்கள்மேல் 'கடைக்கால் விழா' என்று டைட்டில் வைத்து, எழுத்துக்கு அடியில் தங்க நிறப் பட்டை கொடுத்தேன். மேஸ்திரி பேசுகிற இடத்தில் நாதஸ்வரம் வைத்தேன். இப்போது கல் தானாக வந்து குழியில் இறங்குகிறது.

இன்று பதினொரு துண்டு முடிந்தது.

முகம் தெரிகிற எல்லாத் துண்டிலும் அக்கா எங்காவது ஒரு தரம் கேமராவைப் பார்த்துவிடுகிறாள். கேமராவுக்குப் பின்னால் நான்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பாவாயி அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் அறைக்கு வந்துவிட்டார்.

"ஏ கௌசி, டைட்டில்ல எம்பேரு வருதா?"

"வருதுங்கத்தை."

"எங்க காட்டு."

காட்டினேன்.

"என்ன இது, எறும்பு ஊர்றாப்பல இருக்குது? எங்கூட்டுக்காரரு பேரயும் சேத்து நல்லாப் பெருசாப் போடு. தலவாசல்ல நெலவு வெக்கறப்பப் பட்டுத்துணி எடுத்தாந்தது நாங்கதான்னு நாலு சனத்துக்குத் தெரியோணுமல்ல?"

"சரிங்கத்தை."

"அப்பறம் அம்மிணி, என்னய மட்டும் மெதுவா ஓட உட்றாத. இந்த வயசுல எவனப் பாத்துச் சிரிச்சேன்னு எங்கூட்டுக்காரரு கேக்கப் போறாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சமையல்கட்டில் அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்பா வாசலில் நின்று போர் போடுகிற ரிக் வண்டி டிரைவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊரிலோ எண்ணூறு அடி போட்டும் தண்ணீர் வரவில்லையாம்.

சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி வாசல்ல பாத்தேன்னு எங்க பக்கத்தூட்டுக்காரி சொல்றா. பாத்தா பாத்துட்டுப் போறா. செத்தவளப் பத்தி நமக்கென்ன. சரோசா, இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு ஊத்து."

அம்மா ஊற்றினாள்.

அத்தையின் பெயரையும் மாமாவின் பெயரையும் நிலவு வைக்கிற இடத்தில் பெரிய எழுத்தில் வைத்தேன். அந்த இடத்தில்தான் அக்கா தலைவாசல் நிலவுக்காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். வசதியாக இருந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

தொண்டைக் கட்டு. மிளகுக் கஷாயம். வேலை செய்யவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்கு அம்மா வரமாட்டாள். அது அக்காவின் அறை. பெருக்குவதும் நான்தான். இன்று காப்பியுடன் வந்து பின்னால் நின்றாள்.

"கான்கிரீட் போட்டது முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. ஓரத்துல கை ஒண்ணு இருந்துச்சு. 'மேல்தளம்'னு டைட்டில் வெச்சு மறச்சிட்டேன்."

"சத்தம்?"

"என்ன சத்தம்?"

"அன்னிக்கு ஆளுக பேசுனது, கொண்டது."

"மெசின் சத்தந்தாம்மா கேக்கும். மேல நாதஸ்வரம் போட்டுருவேன். அப்பா முச்சூடும் பாட்டு வரோணும்னாங்க."

"ஓ" என்றாள்.

பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் காப்பி குடித்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதையும் எழுதிவிடுகிறேன். பக்கம் இருக்கிறது.

போன வருடம் ஊர்க் கோயில் சித்திரை நோம்பியையும் நான்தான் வீடியோ எடுத்தேன். படத்தை மெதுவாக ஓட வைப்பது எப்படி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். எதில் போட்டுப் பார்க்கலாம் என்று தேடினேன். மாவிளக்குத் தட்டோடு அக்கா ஒரு பக்கமாகத் திரும்புகிற இடம் கிடைத்தது. நேராக ஓட்டினால் இரண்டு நொடி. திரும்புவாள், போய்விடுவாள். அதைப் பத்து நொடி ஆக்கினேன். மேலே இதழ் விழ வைத்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது பேர் சொல்லிப் பாராட்டினாலே எனக்குக் கழுத்து வியர்த்துவிடும். அதனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பத்து நொடியில் எல்லாம் தெரிந்தது. முதலில் கண் திரும்பியது. அப்புறம் கழுத்து. அப்புறம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு போய்ச் சேருகிற இடத்தில் ஒருவன் ஏணிமேல் நின்று சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான். அதுவும் மெதுவாக.

"அது எவன்?" என்றார் அத்தை. அடுத்து, எந்தத் தெருவு என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அப்பா டிவியை நிறுத்தவில்லை. முடிகிற வரை பார்த்தார். கடைசியில் 'மிக்ஸிங்: த. கௌசிகா' என்று என் பெயர் சுழன்றுகொண்டு வந்தது.

அன்று படிக்கட்டில் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் கௌசி அத மெதுவாப் போட்ட?"

"நீ அழகா இருந்தக்கா."



பன்னிரண்டு நாள் அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோனது நான். பதிமூன்றாம் நாள் அவள் இல்லை. தட்டை எடுத்து வந்தபோது பூட்டைப் போட்டாயா என்று அப்பா கேட்டார். போட்டதாகத்தான் ஞாபகம் என்றேன்.

இன்று எட்டுத் துண்டு முடித்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

புகுவிழா ஃபிளக்ஸுக்கு வீட்டுப் படம் வேண்டும் என்றார் அப்பா. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போன வருடமும் அதே கடைக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூஞ்சி தெளிவா இருக்கோணும் என்றார். மெதுவாக ஓட்டியதில்தான் தெளிவாக இருந்தது. கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. மறைவுக்கு, அவள் போன தேதியைப் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, தெரு முனையில் ஒன்று, அக்காவின் காலேஜுக்கு எதிரில் ஒன்று. அப்பா மொட்டை அடித்துக்கொண்டு வந்து கிணற்றடியில் குளித்தார். அம்மாவையும் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னார். ஊற்றிக்கொண்டாள்.

நான் அடுத்த நாளும் பள்ளிக்கூடம் போனேன். ஃபிளக்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். "உங்கக்கா எதுக்குடி இப்படிச் சிரிக்குது?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். சாயங்காலம் அப்பா, இனி இந்த வீட்டில் யாரும் படித்துக் கிழிக்க வேண்டாம் என்றார். நோட்டு ஆறு பக்கத்தோடு நின்றது.

தெரு முனையில் இருந்த ஃபிளக்ஸ் மழை வெயிலில் நான்கு மாதம் தொங்கியது. பிறகு யாரோ கோழிக் கூண்டுமேல் போடக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இன்று சாயங்காலமே அடித்து வந்த புது ஃபிளக்ஸில் வீட்டோடு நாங்கள் மூன்று பேர். எனக்கு உதட்டில் கொஞ்சம் சிவப்பு போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அம்மா எதைக் கேட்டாள் என்று பார்க்க, மேல்தளம் வருகிற இடத்தில் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு அசல் சத்தத்தை மட்டும் ஓட்டினேன். ஹெட்போன் போட்டுக்கொண்டேன்.

கலவை மெசின் கடகடவென்று ஓடுகிறது. யாரோ ஜல்லி ஜல்லி என்று கத்துகிறார்கள். கடைசியில் மெசின் நிற்கிறது. அப்போது கேமராவுக்குப் பக்கத்திலிருந்து அக்கா கேட்கிறாள்.

"அம்மா... தண்ணிக் கொடத்த எங்கம்மா வெச்ச?"

அவ்வளவுதான். அம்மா பதில் சொல்வதற்குள் நான் கேமராவை நிறுத்தியிருக்கிறேன். மெசின் நிற்பதற்குச் சற்று முன்னாலிருந்து அதுவரை ஏழு நொடி.

மற்ற துண்டுகளையும் போட்டுப் பார்த்தேன். சிலவற்றில் அவள் சிரிக்கிறாள். சிலவற்றில் என்னை "இங்க வா" என்கிறாள். அம்மா என்று கூப்பிடுவது இந்த ஒன்றில்தான்.

மூன்று தடவை கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. வெளியே காயப் போட்டிருந்த பச்சைப் பயறை எடுக்க மறந்துவிட்டேன். கோழி கொத்திவிட்டது. அம்மா திட்டவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

புது வீட்டு ஜன்னல் துடைத்தோம். அம்மா நிலவுக்காலை மட்டும் மூன்று தடவை துடைத்தாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

அப்பாவுக்கு முழுவதும் போட்டுக் காட்டினேன். இருபத்திரண்டு நிமிடம். கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தார்.

கல் தானாக இறங்குகிற இடத்தில், "அட, மாயமாட்ட இருக்குது" என்று சிரித்தார். மேல்தளம் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"அந்த ஓரத்துல பச்சையா என்னமோ தெரிஞ்சுதே?"

பட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன். பிறகு தெரியவில்லை.

கடைசி டைட்டில் 'நல்வரவை விரும்பும்' என்று தொடங்கும். அதற்குக் கீழே அப்பா பெயர், அம்மா பெயர், அடுத்த வரியில் 'ஒரே மகள் கௌசிகா' என்று போடச் சொன்னார். போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைமேல் கை வைத்தார்.

"நீ ஒருத்தி போதும் அம்மிணி எனக்கு."

கை கனமாக இருந்தது.

"முடிஞ்சுதல்ல? நாளைக்கே கார்ட அழிச்சிரலாம்."

"ரெண்டு டைட்டில் மட்டும் சரி பண்ணோணுங்கப்பா" என்றேன்.

"சரி, மத்தியானத்துக்குள்ள பண்ணிரு. நான் வந்து நிப்பேன்."

செப்டம்பர் 7, சனி

காலையில் முறுக்குப் பிழிந்தோம். பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். டைட்டில் எதுவும் சரி பண்ண வேண்டியிருக்கவில்லை. மேல்தளம் வருகிற இடத்துக்குப் போய் நாதஸ்வரத்தை ஓர் இடத்தில் இறக்கி, ஏழு நொடி கழித்து ஏற்றினேன். அசல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக மாற்றக் கொடுத்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. கரண்ட் போகவில்லை.

மத்தியானம் அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று கார்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு அழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரையும் அழித்தேன்.

"அந்தக் குப்பைத்தொட்டி ஒண்ணு இருக்குமே, அதயுங் காலி பண்ணு" என்றார். அவருக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. காலி பண்ணினேன்.

பென்டிரைவில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. நேற்றே பார்த்துவிட்டாரே. கார்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

முன்பெல்லாம் பூவை எடுத்துவிட்டால் கீழே அக்கா இருப்பாள். இப்போது எடுக்க முடியாது. பூ மட்டும்தான் இருக்கிறது.

அம்மா அறை வாசலில் நின்றாள்.

"எல்லாம் போயிருச்சா?"

"ம்."

"முறுக்குத் தூக்குக்கு மூடியக் காணோம். பாத்தயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாலரைக்கு மாட்டை வீட்டுக்குள் கூட்டி வந்தார்கள். அது ஹால் நடுவில் சாணி போட்டது. நல்ல சகுனம் என்றார்கள். நான்தான் வழித்தேன். பால் பொங்கியது. அப்பா வெள்ளை வேட்டியில் வாசலுக்கும் சமையல் பந்தலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் என்று பார்த்தேன். ரிமோட்டை இயக்க வேறு யாருக்கும் தெரியவில்லை. டிவிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. அம்மா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து தட்டத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கல் தானாக இறங்கியபோது பொடுசுகள் கைதட்டின. நிலவு வைத்தபோது பாவாயி அத்தை, "பாருங்க, பாருங்க, எங்கூட்டுக்காரரு பேரு" என்று பக்கத்திலிருந்தவர்களைத் தட்டித் தட்டிக் காட்டினார். "அத்தன பூவு எதுக்குடி, ஒரு மனுசனயும் காணோம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மேல்தளம் வந்தது. அப்பா தலையில் துண்டோடு நின்றார். நாதஸ்வரம் இறங்கியது. மெசின் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அம்மா... தண்ணிக் கொடத்த எங்கம்மா வெச்ச?"

புது வீடு. சாமான் எதுவும் இல்லாத ஹால். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது.

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"படிக்குக் கீழதான் வெச்சிருக்கறேன் சாமி. எடுத்துக் குடி" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து கேட்டவர்களுக்குச் சொல்கிற மாதிரி.

நாதஸ்வரம் மறுபடி ஏறியது. பாவாயி அத்தை, "சரோசா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அம்மா அடுத்த வெற்றிலையை எடுத்தாள். பின்வரிசையில் அப்பா எழுந்து நின்றார்.

"நிறுத்து அம்மிணி" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்து வியர்க்கவில்லை.

நிறுத்தினேன். கொஞ்சம் பின்னால் தள்ளி, மெசின் நிற்பதற்கு முன்னாலிருந்து மறுபடி ஓட விட்டேன்.